படைக்கு மாத்திரை வாங்கும் முன் பையைக் கொட்டிக் காட்டுங்கள்

இடவப்பாதி மழை பிடித்து ஒரு வாரம் ஆனால் போதும், எங்கள் கடைப் படியேறுகிறவர்கள் பலரும் இடுப்பைச் சொறிந்துகொண்டேதான் ஏறுவார்கள். குலசேகரம் பக்கம், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே மருந்துக் கடை. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு விடியுமுன் பால்வெட்டப் போகிறவர்கள், நனைந்த உடுப்பிலேயே வெயில் ஏறும்வரை நிற்கிறவர்கள். அந்த மழை ஓய்ந்து துணி காயுமுன் ஐப்பசி மழை வந்துவிடும். பூஞ்சையால் தோலில் வரும் படை வராமல் என்ன செய்யும்? கேரள எல்லைக்கு அந்தப் பக்கத்தார் இதையே வட்டச்சொறி என்பார்கள்.

டி.ஃபார்ம் முடித்து 24 வருடமாக இந்தக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறேன். மழைக்காலத்தில் தினமும் நடக்கிற பேச்சு இது:

“பிள்ளே, இந்தப் படைக்கு நல்ல ஸ்ட்ராங்காட்டு ஒரு மாத்திரை தா. ட்யூப் தேச்சுத் தேச்சு மடுத்துப் போச்சு.”

“வேற என்ன மாத்திரை போடுதிய மாமா?”

“ஒண்ணும் இல்ல. நான் நல்ல சுகமாட்டுத்தான் இருக்கேன்.”

“பிரஷருக்கு?”

“அது உண்டு.”

“சுகருக்கு?”

“அது ரெண்டு நேரம். பிறவு நெஞ்சுக்கு ஒண்ணு, ராத்திரி கொழுப்புக்கு ஒண்ணு, கேஸுக்கு வெறும் வயித்துல ஒண்ணு. அதெல்லாம் மருந்தா பிள்ளே? அது தினமும் உள்ளதுல்லா.”

டாக்டர் சீட்டு இல்லாமல் நான் தரப்போவதில்லை, அது வேறு விஷயம். சீட்டு எழுதிய டாக்டர் கேட்டிருந்தால் அவருக்கும் “ஒண்ணும் இல்ல” என்றுதான் பதில் கிடைத்திருக்கும். தினமும் போடுவதை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. பூஞ்சை மாத்திரை மோதுவதோ சரியாக அவற்றோடுதான்.

மாமாவைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. சில வருடங்களுக்கு முன் என் அம்மாவுக்கு மார்புக்குக் கீழே மடிப்பில் படை. சுகர்க்காரி, கிளிமெபிரைடு போடுகிறவள். வாரத்துக்கு ஒன்று என்று ஃப்ளூகொனசோல் என்ற பூஞ்சை மாத்திரை, 150 மில்லிகிராம், கடையிலிருந்து நானே எடுத்துக் கொடுத்தேன். இரண்டாவது வாரம், மாத்திரை போட்ட மறுநாள் ராத்திரி, பசியில்லை என்று அரைக் கிண்ணம் கஞ்சியோடு படுத்தாள். விடியற்காலை நாலு மணிக்குப் பார்த்தால் படுக்கை வியர்வையில் நனைந்து கிடக்கிறது. என்னை அவளுடைய தங்கை பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள். விரலைக் குத்திப் பார்த்தேன், 46. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்ததும் தெளிந்தாள். ஆறு மணிக்கு மறுபடியும் விழுந்தாள். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டே டாக்டர் கேட்டார்: “புதுசா ஏதாவது மாத்திரை குடுத்தீங்களா?” நான் சொன்ன பதில், “ஒண்ணும் இல்ல டாக்டர்.” வாரத்துக்கு ஒன்றுதானே, அது என் கணக்கிலேயே வரவில்லை. டாக்டர் இரண்டாம் தடவை கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது.

அன்றைக்குப் பிறகு யாரையும் “வேறு மருந்து உண்டா” என்று மட்டும் கேட்டு விடுவதில்லை. பையைக் கேட்கிறேன்.

ஏன் மோதுகிறது

களியக்காவிளை செக்போஸ்ட்டை நினைத்துக்கொள்ளுங்கள். நாம் விழுங்குகிற மாத்திரையில் பெரும்பகுதி கல்லீரல் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். அங்கே வாசல்கள் உண்டு. சைப் என்சைம்கள் என்று பெயர். பெரிய வாசல் 3ஏ4. அடுத்தடுத்து 2சி9, 2சி19, 2டி6. ஒவ்வொரு மருந்துக்கும் தனக்கென்று ஒரு வாசல், சிலவற்றுக்கு இரண்டு.

படைக்குப் போடும் இட்ராகொனசோல் வந்து 3ஏ4 வாசலில் குறுக்கே நின்றுவிடும். பின்னால் வருகிற லாரிகள் தேங்கும். மாத்திரையின் அளவு அதேதான், ஆனால் நேற்றைய மிச்சத்தோடு இன்றையதும் சேர்ந்து ரத்தத்தில் பல மடங்காக நிற்கும். ஃப்ளூகொனசோல் 2சி9, 2சி19 இரண்டையும் அடைத்து, 3ஏ4-ஐயும் பாதி மறிக்கும். இன்னொரு பூஞ்சை மாத்திரையான டெர்பினஃபின் இந்தப் பக்கம் வராது. அது 2டி6-ஐ அடைக்கும். அதனால்தான் ஒருவருக்கு ஒத்துப்போன படை மாத்திரை இன்னொருவரைப் படுக்க வைக்கிறது.

தலைகீழாகவும் நடக்கும். காசநோய்க்குப் போடும் ரிஃபாம்பிசின், வலிப்புக்குப் போடும் ஃபெனிடோயின், கார்பமசெபின், ஃபீனோபார்பிட்டால் எல்லாம் புது வாசல்களைத் திறந்துவிடுகிற ஜாதி. இட்ராகொனசோல் உள்ளே வந்த வேகத்தில் வெளியேறிவிடும். படை ஆறாது, பணம் போகும். “போலி மாத்திரை குடுத்துட்டா” என்று பழி கடைக்காரிக்கு.

இந்தச் சங்கதி உலகத்துக்கு உறைத்ததே ஒரு பூஞ்சை மாத்திரையால்தான். 1990-ல் அமெரிக்காவில் 39 வயதுப் பெண்ணொருவருக்கு இதயத் துடிப்பு ஆபத்தாகத் தடுமாறியது. அவர் சாப்பிட்டவை இரண்டு: தும்மலுக்கு டெர்ஃபெனடின், பூஞ்சைக்குக் கீட்டோகொனசோல். முதலாவது வெளியே போகும் வாசலை இரண்டாவது அடைத்துவிட்டது. 1998-ல் டெர்ஃபெனடின் அங்கே சந்தையை விட்டே போனது. இன்று தும்மலுக்கும் அரிப்புக்கும் கொடுக்கிற ஃபெக்ஸோஃபெனடின் அதன் இடத்துக்கு வந்தது.

பையில் என்னென்ன இருக்க வேண்டும்

ஒரு மஞ்சப்பை எடுங்கள். பிரிட்ஜின் மேல், தலையணைக்கு அடியில், கைப்பையில், பூஜை அலமாரியில், எங்கெங்கே மாத்திரை கிடக்கிறதோ எல்லாவற்றையும் அள்ளிப் போடுங்கள். தரம் பிரிக்க வேண்டாம். அது நான் பார்த்துக்கொள்கிறேன். தினமும் போடுவது மட்டும் போதாது. வாரம் ஒன்று போடுவது, தலைவலி வந்தால் போடுவது, போன வாரம் முடிந்துபோனதன் காலி அட்டை, மூச்சிறைப்புக்கு இழுக்கிற பம்ப், கண்ணில் விடுகிற சொட்டு, வாய்ப்புண்ணுக்குத் தடவுகிற ஜெல், வைத்தியரிடம் வாங்கின கஷாயம், எல்லாம் வரவேண்டும்.

இங்கே எங்கள் தொழிலின் குற்றம் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பத்து உள்ள அட்டையில் நாலு கேட்டால் கத்தரித்துத் தருவோம். மருந்தின் பெயர் ஒருவர் வீட்டுக்கும் காலாவதித் தேதி இன்னொருவர் வீட்டுக்கும் போகும். உங்கள் கையில் இருப்பது வெறும் வெள்ளித் தாள். வெட்டுமுன் முழு அட்டையையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் கடைக்காரரும் தடுக்க மாட்டார். தடுத்தால் அந்தக் கடை வேண்டாம்.

படத்தில் பெரிய எழுத்தை விடுங்கள், அது கம்பெனி வைத்த பெயர். கீழே சின்ன எழுத்தில் உள்ளதுதான் மருந்து. அதன் வாலைப் பார்த்தால் பாதி விஷயம் தெரியும். ‘கொனசோல்’ என்று முடிந்தால் பூஞ்சைக்கு. ‘ப்ரசோல்’ என்றால் கேஸுக்கு. இரண்டும் காதுக்கு ஒன்றுபோல இருப்பதால் மாறிப்போனவர்கள் உண்டு. ‘ஸ்டாட்டின்’ கொழுப்புக்கு, ‘டிபின்’ பிரஷருக்கு, ‘லோல்’ என்றால் நெஞ்சுத் துடிப்பையும் பிரஷரையும் அடக்குவது. ‘கிளி’ என்று தொடங்கும் பழைய சுகர் மாத்திரைகள் கிளிமெபிரைடு, கிளிக்லசைடு, கிளிபிசைடு. இதில் ஒரு குறும்பு: நிஸ்டாட்டின் என்று ஒன்று உண்டு, வால் கொழுப்பு மாத்திரை போல இருந்தாலும் அது பூஞ்சை மருந்து. வாயால் குடித்தாலும் குடலில் இருந்து ரத்தத்துக்குப் பெரிதாக ஏறாது. அதனால் யாரோடும் சண்டைக்குப் போகாத சாது.

இன்னொரு விஷயம். சில மாத்திரைகளை ஆண்கள் பையில் போட மாட்டார்கள். சில்டெனஃபில், டாடலாஃபில். இட்ராகொனசோல் போடுகிறவர் உடம்பில் இவை தேங்கினால் பிரஷர் கீழே விழும். நாலு பேர் நிற்கும்போது சொல்ல வெட்கமாக இருந்தால் ஒரு துண்டுத் தாளில் எழுதி நீட்டுங்கள். மீனவர் ஒருவர் லாட்டரிச் சீட்டின் பின்பக்கம் எழுதித் தந்தார். வாசித்துவிட்டுக் கிழித்துப் போட்டேன், அவ்வளவுதான்.

இட்ராகொனசோல்: கூட இருக்கக்கூடாதவை

இப்போது அதிகம் எழுதப்படுவது இதுதான். முன்பு டெர்பினஃபின் இரண்டு வாரம் போட்டால் ஓடிப்போன படை இப்போது ஓடுவதில்லை. அந்த மருந்துக்கு மசியாத பூஞ்சை ஒன்று நம் நாட்டில் பரவிவிட்டது. 2020-ல் அதற்கு டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்று நம் நாட்டுப் பெயரையே வைத்தார்கள். ஸ்டீராய்டு கலந்த மூவகை ட்யூபைத் தேய்த்துத் தேய்த்து நாமும் அதை ஊட்டி வளர்த்தோம். அதனால் மாத்திரைக் கணக்கு வாரங்களில் இருந்து மாதங்களுக்கு நீண்டது. மாத்திரை நீண்டால் மோதலுக்கான வாய்ப்பும் நீளும்.

சிம்வாஸ்டாட்டின், லோவாஸ்டாட்டின் இரண்டும் இட்ராகொனசோலோடு கூடவே கூடாது. ஃபின்லாந்தில் 1998-ல் அளந்து பார்த்தபோது ரத்தத்தில் சிம்வாஸ்டாட்டின் பத்து மடங்குக்கு மேல் ஏறியிருந்தது. தசை உடைந்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைக்கும். தொடையும் தோளும் கழன்றுபோகிற மாதிரி வலி, கட்டன் சாயா நிறத்தில் மூத்திரம் என்றால் அன்றே ஆஸ்பத்திரி. நம் ஊரில் அதிகம் ஓடுவது அடோர்வாஸ்டாட்டின். அதுவும் ஏறும், இத்தனை மோசமில்லை. டாக்டர் அளவைக் குறைப்பார், அல்லது ரோசுவாஸ்டாட்டின் மாதிரி அந்த வாசலை நம்பியிராத ஒன்றுக்கு மாற்றுவார். சிலருக்குப் படை மாத்திரை முடியும்வரை நிறுத்தி வைக்கச் சொல்வார். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தவர்கள் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

நெஞ்சு பலவீனம் என்று எப்போதாவது சொல்லப்பட்டவர்கள், எக்கோவில் ‘பம்பிங் குறைவு’ என்று எழுதியிருப்பவர்கள், அந்தப் பேப்பரையும் பைக்குள் வையுங்கள். இட்ராகொனசோல் இதயத்தின் தள்ளும் சக்தியைத் தானாகவே குறைக்கக்கூடியது. அமெரிக்க மருந்துத் துறை 2001-லேயே எச்சரிக்கை போட்டுவிட்டது. அம்லோடிபின் கூடப் போடுகிறவர்களுக்குக் கால் வீங்கும். அது அம்லோடிபின் தேங்கியதாலும் இருக்கலாம், நெஞ்சு தளர்ந்ததாலும் இருக்கலாம். வீட்டில் இருந்து பிரித்தறிய முடியாது. கால் வீக்கத்தோடு, படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றால் காத்திருக்க வேண்டாம்.

ஒற்றைத் தலைவலிக்கு எர்காட்டமின் கலந்த மாத்திரை. வாசோகிரெயின் என்று கேட்டு வாங்குவார்களே, அதற்குள் இருப்பது அதுதான். இட்ராகொனசோலோடு சேர்ந்தால் கை கால் ரத்தக்குழாய்கள் இறுகிவிடும். விரல் மரத்து, குளிர்ந்து, நீலமாகும். விரலை இழக்கிற அளவுக்குப் போகலாம். மாதத்துக்கு ஒன்றுதான் போடுவேன் என்கிறவர்கள்தான் இதைச் சொல்ல மறப்பவர்கள்.

கேஸ் மாத்திரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த மாவட்டத்தில் காலைச் சாயாவுக்கு முன்னால் அதுதான். பான்டோப்ரசோலும் டோம்பெரிடோனும் சேர்ந்த கேப்ஸ்யூல். இதில் இரண்டு பக்கமும் அடி. இட்ராகொனசோல் கேப்ஸ்யூல் கரைய வயிற்றில் புளிப்பு வேண்டும். பான்டோப்ரசோல் புளிப்பை அடக்கிவிடும், மருந்து பாதிகூட ஏறாது. டோம்பெரிடோனோ இட்ராகொனசோலால் தேங்கி இதயத்தின் மின்துடிப்பை இழுத்துவிடும். ஐரோப்பிய மருந்து முகமை 2014-ல் இந்த மாதிரிச் சேர்க்கையை வேண்டாம் என்றே சொல்லிவிட்டது. ஒரே கேப்ஸ்யூலில் ஒன்று படை மருந்தைக் கெடுக்கிறது, மற்றது படை மருந்தால் கெடுகிறது. “கேஸ் மாத்திரை இல்லாம எனக்கு முடியாது பிள்ளே” என்பவர்கள் அதை டாக்டரிடமே சொல்லுங்கள். அவர் வேறு பூஞ்சை மருந்து பார்ப்பார். வெள்ளைத் திரவ ஆன்டாசிட் என்றால் இரண்டு மணி நேர இடைவெளி விடச் சொல்வார்.

மீதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தூக்கத்துக்கு அல்பிரசோலம்: மறுநாள் மதியம்வரை தள்ளாட்டம், வயதானவர்கள் குளியலறையில் விழுவார்கள். மூச்சுக்குப் புடெசோனைடு, ஃப்ளூட்டிகசோன் பம்ப்: நாள்பட்டால் முகம் உப்பும், சுகர் ஏறும். மூத்திரத் தடைக்குத் டாம்சுலோசின்: எழுந்து நின்றால் தலை சுற்றும். வாத வலிக்குக் கோல்ச்சிசின்: சிறுநீரகம் பழுதுள்ளவர்களுக்கு உயிராபத்து. நெஞ்சுக்கு டிகாக்சின்: தேங்கி வாந்தி, மெல்லிய நாடி. ரத்தம் உறையாமலிருக்க டிகாக்ரெலார், ரிவரோக்சபான், அபிக்சபான்: ரத்தப்போக்கு. சிறுநீரகம் மாற்றியவர்கள் போடும் டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின்: அந்த டாக்டரைக் கேட்காமல் ஒரு மாத்திரைகூட வேண்டாம். வேடிக்கை என்னவென்றால், விலை கூடிய சைக்ளோஸ்போரினைக் குறைந்த அளவில் ஓட்டுவதற்காக டாக்டர்களே வேண்டுமென்று கீட்டோகொனசோலைச் சேர்த்துக் கொடுத்த காலமும் உண்டு. அளந்து அடைத்தால் வாசலையும் வேலைக்கு வைக்கலாம்; அளக்க ரத்தப் பரிசோதனை வேண்டும்.

தோட்டத்தில் பம்ளிமாஸ் உண்டென்றால் அந்தச் சில வாரம் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். அதுவும் 3ஏ4 வாசலை மறிக்கிற பழம்.

ஃப்ளூகொனசோல்: சுகரும் ரத்தமும்

அம்மா கதையைச் சொல்லிவிட்டேன். ஃப்ளூகொனசோல் கூடும்போது கிளிமெபிரைடு ரத்தத்தில் இரண்டு மடங்குக்கு மேல் ஏறும் என்று அளந்திருக்கிறார்கள். மெட்ஃபார்மின் மட்டும் போடுகிறவர்களுக்கு இந்தப் பயம் இல்லை. அது கல்லீரலில் உடையாமல் மூத்திரத்தில் அப்படியே போகிறது. இன்சுலினுக்கும் இந்த வாசல் கணக்கு கிடையாது. ‘கிளி’ மாத்திரைக்காரர்கள் படை மாத்திரை தொடங்கும் வாரத்தில் விரல் குத்திப் பார்ப்பதைக் கூட்டுங்கள். ராத்திரிச் சாப்பாட்டைத் தவிர்க்காதீர்கள். வியர்வை, நடுக்கம், உளறல் என்றால் சர்க்கரையோ வெல்லமோ கொடுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். தெளிந்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். இந்த மாத்திரையால் இறங்கிய சுகர் மறுபடி இறங்கும், அதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

அடுத்தது வால்வு மாற்றியவர்கள். நம் மாவட்டத்தில் இருந்து திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் ஆஸ்பத்திரிக்குப் போய் வால்வு வைத்துக்கொண்டவர்கள் நிறைய. 1990-ல் முதன்முதலாக வைக்கப்பட்ட சித்ரா வால்வு அங்கே உருவானதுதான். உலோக வால்வுக்காரர்கள் ஆயுசுக்கும் அசெனோகுமரால் அல்லது வார்ஃபரின் போட வேண்டும். இந்த இரண்டுக்கும் 2சி9 வாசல் முக்கியம். ஃப்ளூகொனசோல் அடைப்பது அதைத்தான். ஐஎன்ஆர், அதாவது ரத்தம் உறையத் தாமதமாவதைக் காட்டும் பரிசோதனை எண், ஏறும். ஈறில் ரத்தம், மூக்கில் ரத்தம், தொட்ட இடமெல்லாம் நீலம், கரிபோல மலம். பயந்துபோய் அசெனோகுமராலை நீங்களே நிறுத்தினால் வால்வில் ரத்தம் கட்டிக்கொள்ளும், அது இதைவிட மோசம். செய்ய வேண்டியது ஒன்றுதான்: படை மாத்திரை தொடங்குமுன் இதய டாக்டரிடம் சொல்லி, முதல் வாரத்துக்குள் ஐஎன்ஆர் பார்க்க நாள் குறித்து வாங்குவது. முடித்த பிறகும் ஒருமுறை பார்க்க வேண்டும், அப்போது ஐஎன்ஆர் கீழே இறங்கும்.

இவர்களுக்கு இன்னொரு கண்ணி. வாய்க்குள் வெள்ளை படிந்தால் தடவுகிற மைக்கோனசோல் ஜெல். தடவுகிறதுதானே என்று யாரும் சொல்வதில்லை. அதில் விழுங்கப்படுகிற கொஞ்சமே ஐஎன்ஆரைத் தாறுமாறாக ஏற்றப் போதும்.

ஸ்டென்ட் வைத்து க்ளோபிடோகிரெல் போடுகிறவர்களுக்குக் கணக்கு திரும்பும். அது கல்லீரலில் உருமாறினால்தான் வேலை செய்யும். உருமாற்றும் 2சி19-ஐ ஃப்ளூகொனசோல் அடைத்தால் மாத்திரை விழுங்கியும் பாதுகாப்பு குறையும். ஃபெனிடோயின் போடும் வலிப்புக்காரருக்கு ஃப்ளூகொனசோல் சேர்ந்தால் குடித்தவர் போலத் தள்ளாடுவார்; ஊரார் சந்தேகப்படுவது வேறு எதையோ. வெள்ளைப்படுதல் அரிப்புக்கென்று ஒற்றை மாத்திரை கேட்கிற பெண்கள், மாதவிலக்கு தள்ளிப்போயிருக்கிறதா என்பதையும் சொல்லிவிடுங்கள். கர்ப்பத்தில் அது வேண்டாம். உள்ளே வைக்கிற மருந்து இருக்கிறது.

டெர்பினஃபினும் பழைய கிரிசியோஃபல்வினும்

டெர்பினஃபின் பலருக்கும் தொந்தரவில்லாதது. 2டி6 வாசல்காரர்களுக்குத்தான் பிரச்சினை: மெட்டோப்ரோலால் போடுகிறவருக்கு நாடி மெலிந்து தலை சுற்றும். சுகரால் பாதம் எரிகிறது என்று ராத்திரி அமிட்ரிப்டிலின் போடுகிறவருக்கு வாய் உலர்ந்து மயக்கம் வரும். வலிக்கு டிரமடால், கோடீன் போட்டால் வலி கேட்காது, உருமாற்றும் வாசல் மூடியிருப்பதால். டெர்பினஃபின் மாத்திரையை முடித்து வாரங்கள் ஆன பிறகும் அந்த வாசல் முழுதாகத் திறப்பதில்லை. நாக்கில் ருசி போனாலும் சொல்லுங்கள். மீன்குழம்பில் உப்பில்லை என்று ஒரு மாதம் வீட்டுக்காரியோடு சண்டை போட்ட பிறகுதான் ஒருத்தர் என்னிடம் வந்தார்.

கிரிசியோஃபல்வின் இப்போது குழந்தைகளின் தலைப்படைக்குத்தான் அதிகம் வருகிறது. அது வாசலை அடைப்பதில்லை, திறப்பது. கர்ப்பத்தடை மாத்திரையும் வார்ஃபரினும் வலுவிழக்கும். கூடவே சாராயம் குடித்தால் முகம் சிவந்து நெஞ்சு படபடக்கும். எந்தப் பூஞ்சை மாத்திரையோடும் குடி வேண்டாம் என்பது கல்லீரலுக்காக நான் பொதுவாகச் சொல்வது. இதோடு குடித்தால் உடனே தெரிந்துவிடும், அதுதான் வித்தியாசம்.

விழுங்கும் விதம்

சாதாரண இட்ராகொனசோல் கேப்ஸ்யூலை வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே விழுங்குங்கள். மரச்சீனியும் மீனுமோ, புட்டும் பயறுமோ எதுவானாலும் சரி; கட்டன் சாயாவும் பிஸ்கட்டும் மட்டும் போதாது. உள்ளே கடுகு மாதிரி மணிகள் இருக்கும். பிரித்துத் தண்ணீரில் கொட்டவும் வேண்டாம், மெல்லவும் வேண்டாம். ‘எஸ்பி’ (சூப்பர் பயோஅவைலபிள், ரத்தத்தில் கூடுதலாக ஏறும் வகை) என்று போட்ட கேப்ஸ்யூலின் அளவுக் கணக்கே வேறு. இல்லாததற்குப் பதில் இதைத் தருகிறேன் என்று எந்தக் கடையில் சொன்னாலும், எழுதிய டாக்டருக்கு ஒரு போன் போட்ட பிறகே வாங்குங்கள்.

தூத்தூர் பக்கத்தில் இருந்து ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் வாரக்கணக்கில் கரை காண மாட்டார்கள். புது மாத்திரையின் முதல் அளவைக் கடலில் வைத்துப் போடாதீர்கள். தொடங்கிச் சில நாள் கரையில் இருந்து, ஒத்துப்போகிறது என்று பார்த்துவிட்டுக் கொண்டுபோங்கள். படகில் பக்கத்தில் படுப்பவனுக்குப் பாதி அட்டையைக் கொடுக்கவும் கூடாது. வீட்டிலும் அப்படித்தான். படை ஒருவருக்கு வந்தால் வீடே சொறியும். கணவனின் மாத்திரையை மனைவி பங்குபோடுவாள். ஆனால் அவளுடைய தலைவலி மாத்திரை அவருடைய சீட்டில் இருக்காது.

தொடங்கிய தேதியைத் தினசரிக் காலண்டரில் வட்டமிடுங்கள். முடித்த தேதியைக் கண்டிப்பாக வட்டமிடுங்கள். ஃப்ளூகொனசோல் பாதியாகக் குறையவே சுமார் 30 மணி நேரம் எடுக்கும். ஒரு மாத்திரை ஒரு வாரம் உடம்பில் உலவும். இட்ராகொனசோல் முடித்த பின்னும் இரண்டு வாரம் உள்ளே இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். நிறுத்தி வைத்த கொழுப்பு மாத்திரையை அடுத்த நாளே தொடங்கலாமா என்று கேட்பவர்களுக்குப் பதில் அதுதான்: டாக்டர் சொன்ன தேதியில். பல் பிடுங்கப் போனாலும், வேறு காய்ச்சலுக்குப் போனாலும், அந்த வட்டத்தைச் சொல்லுங்கள்.

கண் மஞ்சள், பசியின்மை, விடாத குமட்டல் என்றால் மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள், கல்லீரல் பரிசோதனை வேண்டியிருக்கும். மருந்தால் வந்த தொந்தரவைப் பதிவுசெய்ய அரசின் இலவச எண் உண்டு, 1800 180 3024. நோயாளியே பேசலாம்.

பையோடு வருகிறவர்கள் பதினொரு மணிக்கு மேல் வாருங்கள். அதற்கு முன் பால்வெட்டு முடிந்து வருகிற கூட்டம், அட்டையைத் திருப்பிப் படிக்க நேரம் கிடைக்காது. உங்கள் ஊர்க் கடையிலும் இப்படி ஒரு ஆளில்லாத நேரம் இருக்கும். அந்த மாமா மறுநாள் இரண்டு பை கொண்டுவந்தார்.

“ஒண்ணு எனக்கு. மத்தது அவளுக்க பை. பாதி அவளுக்குக் குடுக்கலாம்னு நெனச்சேன் பிள்ளே, நேத்து நீ கேட்டதுனால கொண்டாந்தேன்.”

அவருடையதை ஓரமாக வைத்துவிட்டு, முதலில் மாமியின் பையைத்தான் பிரித்தேன்.